கலர் சான்றிதழுக்கு ஒரு மலை

மலையேறும் தொழிலில் முக்கால்வாசி நேரம் அடுத்த கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே போய்விடுகிறது. மீதிக் கால்வாசியில்தான் ஏறுகிறோம். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. இரண்டு மாடி ஏறினாலே முழங்காலுக்குத் தைலம் தேடும் என்னைப் போன்ற சகோதரிகள் இதைப் படிப்பீர்கள் என்பதால் நான் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் சரஸ்வதி, வேலையிடத்தில் சரசு அக்கா. வீடு பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியில். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சின்னச் சின்னச் சில்லுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, நல்லது இந்தத் தட்டு, கீறல் விழுந்தது அந்தத் தட்டு என்று பிரிக்கிறேன். முப்பது வருடமாக இதே வேலைதான். அதற்கு முன்னால் படித்தேனா என்றால், படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, சரி. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, வீட்டில் ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலை விளையாட்டு மன்றம் சபாவில் இருக்கும் கினபாலு மலைக்கு ஆள் சேர்த்தது. மன்றச் செயலாளர் குமார் எங்கள் பிரிவில் டெக்னீஷியன், என் தம்பி வயசு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் மேசைக்கும் வந்து விளக்கினான். வழிகாட்டி இல்லாமல் யாரையும் ஏற விடமாட்டார்களாம். உச்சியைத் தொட்டால் கலர் சான்றிதழ். நடுவழியில் இருக்கும் விடுதியோடு திரும்பிவிட்டால் கறுப்பு வெள்ளைச் சான்றிதழ். நான் மீ கோரிங் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு, "சான்றிதழ்ல பேரு போடுவாங்களா?" என்று கேட்டேன். "முழுப்பேரும் போடுவாங்க அக்கா" என்றான்.

என் மகளுக்குப் பட்டம் இருக்கிறது. மகனுக்கு டிப்ளோமா இருக்கிறது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக்கூட, விபத்தில்லாமல் ஓட்டினார் என்று முதலாளி ஒரு பத்திரம் கொடுத்திருக்கிறார். எல்லாம் கலர். என் பெயர் அச்சடித்த தாள் என்று வீட்டில் ஒன்றும் கிடையாது. தண்ணீர் பில்கூட அவர் பெயரில்தான் வருகிறது. அந்தக் கலர் தாள் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அன்று ராத்திரியிலிருந்தே கவலைப்படவும் ஆரம்பித்துவிட்டேன்.

மருத்துவப் படிவம்

பெயர் கொடுத்த மறுநாள் குமார் ஒரு படிவத்தை நீட்டினான். மலை ஏறிய அனுபவம் உண்டா என்று முதல் கேள்வி. "உண்டு. தண்ணீர்மலைக் கோயில் படிகள், பதினேழு தைப்பூசம், பால்குடத்துடன்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "அங்க உச்சியில அன்னதானம் எல்லாம் கிடையாது லா அக்கா, பரவாயில்லையா?" என்றான். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்த பக்கத்தில், உடம்பில் என்னென்ன கோளாறு என்று கேட்டிருந்தார்கள். இவ்வளவு பொறுமையாக இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முழங்கால் வலி, மழை நாளில் இடது தோள், வெறும் வயிற்றில் காப்பி குடித்தால் நெஞ்செரிச்சல், சைனஸ், லிஃப்ட் இறங்கும்போது காது அடைப்பது, பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் தலைசுற்றல், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்து போகும் இடுப்புப் பிடிப்பு. கோடு போட்ட இடம் போதவில்லை. பின்பக்கமும் எழுதி, ஓரத்தில் அம்புக்குறி போட்டேன். தொழிற்சாலை டாக்டர் அத்தனையையும் படித்து, ரத்த அழுத்தம் பார்த்து, "போகலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் சரியாகப் படித்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். படிவத்தைத் திரும்ப வாங்கிய குமார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது மெடிக்கல் ஃபார்ம். நீங்க வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கீங்க."

கொடிமலைப் பயிற்சி

குமாரையும் என்னையும் தவிர இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்த மூன்றாவது ஆள் பத்மா. என் பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் உட்காருகிறவள். நிபோங் திபாலிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட நூறு மடங்கு தைரியசாலி. மலைக்கு ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு நாள் சமைக்க வேணாம்ல" என்றாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் எங்கள் ஊர்க் கொடிமலைக்கு ஜீப் போகும் தார்ச் சாலையில் ஏறிப் பழகினோம். பாதி வழியில், தினமும் மலையேறும் சீனப் பெரியவர்கள் கொட்டகை போட்டு எல்லோருக்கும் இலவசமாகத் தேநீர் கொடுப்பார்கள். தேநீருக்குப் பிஸ்கட். பத்மா நிபோங் திபாலிலிருந்து வாழை இலையில் கட்டி வரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வேறு. கொட்டகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். இறங்கி வந்ததும், ஏறிய களைப்புத் தீர அடிவாரத்தில் ரொட்டி சானாய். ஆறாவது வாரம் என் பழைய டிராக் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே ஒன்று சொன்னார்.

"ஆறு வாரமா ஏறுறீங்க. கொடிமலைதான் கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது."

பை நிறுக்கும் இடம்

விமானத்தில் சபா போய் இறங்கி, பஸ்ஸில் மலையடிவாரத்துக்குப் போனதும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தார்கள். பெயர் ஜூலியஸ். அந்த ஊர் டூசுன் இனத்தவர். வயது நாற்பது இருக்கும், கால் மட்டும் இருபது. மலாயில்தான் பேசினார், நான் அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். அக்கா என்பதற்கு அவர்கள் "கக்" என்பார்கள், அதை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். என்னை அப்படிக் கூப்பிட்டதுமே, இவரிடம் கவலைகளைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நம்மால் தூக்க முடியாத பையைச் சுமைதூக்குபவர்களிடம் கொடுக்கலாம். கொக்கித் தராசில் மாட்டி நிறுப்பார்கள். என் பையை மாட்டியதும் முள் ஓடிப்போய்க் கடைசியில் நின்றது. ஜூலியஸ் திறந்து காட்டச் சொன்னார். வெந்நீர்க் குடுவை, ரப்பர் வெந்நீர்ப் பை, முறுக்கு டப்பா, எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி மரப்பா, மூன்று வகைத் தைலம், மழைக்கோட்டு, அது கிழிந்தால் இன்னொரு மழைக்கோட்டு, குடை, ஒரு கிலோ சீனி, பத்மாவுக்கும் சேர்த்துப் போர்வை, விடுதிக் குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பு. சீனி எதற்கு என்று கேட்டார். மேலே யாருக்காவது மயக்கம் வந்தால் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். அதை நான் யோசிக்கவில்லை. சுமையைத் தூக்க வந்த சின்ன உருவப் பெண் கப்பை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மழைக்கோட்டுகளையும் ஊறுகாயையும் மட்டும் நான் என் முதுகுப் பைக்கு மாற்றிக்கொண்டதும், ஜூலியஸ் பெரிய பையின் வாயை இழுத்து மூடினார்.

"கக், மேலே நாம ஒரு ராத்திரிதான் தங்கறோம். குடிபோகல."

சத்தம்

ஏறத் தொடங்கும் வாசலில் ஜூலியஸ் எங்களை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். மலையில் கூச்சல் போடக்கூடாது, பெருமை பேசக்கூடாது. அவர் இனத்தில், இறந்தவர்கள் அந்த மலையில்தான் போய்த் தங்குகிறார்கள் என்று நம்பிக்கை. மூன்று பேரும் தலையாட்டினோம். எனக்கு அது பழகிய விஷயம் மாதிரிதான் இருந்தது. கோயிலில் ஐயர் முறைத்தால் குரலைத் தாழ்த்துவதில்லையா. அதனால் என் சந்தேகங்களையெல்லாம் கிசுகிசுப்பாகவே கேட்டேன். ஜூலியஸ் ஒவ்வொரு தடவையும் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

குமாருக்குத்தான் இரண்டாவது கிலோமீட்டரிலேயே மறந்துவிட்டது. மூங்கில் காடு விலகிப் பள்ளத்தாக்கு தெரிந்த இடத்தில் பாறைமேல் ஏறி, "பினாங்கு பையன் வந்துட்டேன்" என்று கத்தினான். கைப்பேசியை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான். நான் படத்தில் அவன் தலையைக் கொண்டுவருவதற்குள் மழை கொட்டியது. எங்களுக்கு மழைக்கோட்டு இருந்தது. குமாருடையது, சுமை குறையட்டும் என்று அடிவாரத்திலேயே விட்டு வந்த பையில் இருந்தது. என் இரண்டாவது மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தேன். ரோஜாப் பூ போட்டது. மலையில் தினமும் மத்தியானம் மழை பெய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் மட்டும் ஜூலியஸ் வானத்தைப் பார்த்துவிட்டு, ரோஜாப் பூவைப் பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார்.

"நான் ஒன்னும் சொல்லல, குமார்."

பக்கம்தான்

விடுதிவரை ஆறு கிலோமீட்டர். சமதரையில் என்றால் டத்தோ கிராமாட்டிலிருந்து கொடிமலை ரயிலடிவரை போகிற தூரம்தான். இங்கே ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். சில படிகள் என் இடுப்புவரை வந்தன. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கும். வழியில் சின்னச் சின்னக் கொட்டகைகள், அதில் கழிப்பறை, அதன் வாசலில் பயமே இல்லாத அணில்கள். ஒவ்வொரு கொட்டகையிலும் நான் ஜூலியஸிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "பக்கம்தான் கக், பெலான் பெலான்" என்றார். மெதுவாக வாங்க என்று அர்த்தம். அதைவிட மெதுவாக நடந்தால் பின்னால்தான் போக வேண்டும்.

நான்காவது கிலோமீட்டரில் எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டு ஆண்கள் டாக்சி டிரைவரிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன். முதல் கிலோமீட்டரிலும் பக்கம் என்றீர்கள், இப்போதும் பக்கம் என்கிறீர்கள், எது உண்மை என்று. பத்மா ஊறுகாய் நக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். ஜூலியஸ் நின்று, தன் தண்ணீர்ப் புட்டியை மூடினார். கோபமே இல்லை.

"மலைக்குப் பக்கம்தான், கக். உங்களுக்குத்தான் தூரமா இருக்கு."

தலைவலி

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கரை. அப்போதே ராத்திரிச் சாப்பாடு போட்டுவிட்டார்கள், ஏனென்றால் நடுராத்திரி தாண்டி இரண்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும். மேகம் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பத்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் முதலில் தலை வலிக்கும், அப்புறம் வாந்தி வரும், அப்புறம் கீழே இறக்கிவிட வேண்டியதுதான் என்று குமார் பஸ்ஸில் சொல்லியிருந்தான். பத்மா சோற்றில் பாதியை ஒதுக்கிவைத்தாள்.

"தலை வலிக்குதா?" என்றேன். இல்லை என்றாள். பத்து நிமிடம் கழித்துக் கேட்டேன். இல்லை என்றாள். இரட்டைக் கட்டிலில் நான் கீழே, அவள் மேலே. ஏணியில் ஏறிப்போய்க் கேட்டேன். நெற்றியில் தைலம் தடவினேன். இஞ்சி மரப்பாவை வாயில் வைத்தேன். கண்ணேறு பட்டிருக்குமோ என்று உப்பும் மிளகாயும் வாங்கச் சமையலறைக்குப் போனேன். உப்பு கொடுத்தார்கள். மிளகாய்க்குச் சில்லி சாஸ் பாக்கெட் கொடுத்தார்கள். சில்லி சாஸை வைத்து யாருக்கும் சுற்றிப்போட முடியாது, இருந்தாலும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏணி ஏறினேன். பத்மா போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"அக்கா, இப்ப வலிக்கல. நீங்க இன்னொரு தடவை கேட்டா வலிக்கும்."

கைமாற்றும் நேரம்

இரண்டரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். விடுதிக்கு மேலே ஒரு சோதனைக் குடில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குள் அதைத் தாண்டினால்தான் உச்சிக்கு விடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லோரையும் பத்திரமாக இறக்க வேண்டும் என்பதற்காக வைத்த கணக்கு. ஜூலியஸ் மூன்று தடவை இதைச் சொன்னார். மூன்று தடவையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான்கேகாலுக்கு, பாறையில் கயிறு கட்டிய இடம் தொடங்கும் முன்னால் இருக்கும் மரத்தளத்தில், பத்மா உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். இரண்டு தடவை. ஜூலியஸ் விளக்கடித்து அவள் கண்ணைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், பதில் சரியாக வந்தது. இறங்கினால் சரியாகிவிடும் என்றார். ரேடியோவில் பேசினார். பின்னால் ஏறிக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா மகனும் ஒரு வழிகாட்டிதான். அவர் வந்து பத்மாவைக் கீழே அழைத்துப்போவார், அதுவரை ஜூலியஸ் இருப்பார். எங்களை இன்னொரு வழிகாட்டியோடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார். குமார் போய்விட்டான். நான் போகவில்லை.

அன்பினால் நின்றேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பழக்கத்தினால்தான் நின்றேன். எங்கள் தொழிற்சாலையில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, நிலவரத்தைக் கேட்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. பஸ் போனாலும் போகட்டும், சிறுநீர் முட்டினாலும் முட்டட்டும், மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். முப்பது வருடம் நின்ற கால். பத்மா, "போய்த் தொலைங்களேன் அக்கா, கலர் வேணும்னுதானே வந்தீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கும் வேண்டும்தான். கால் நகர மாட்டேன் என்கிறது.

சித்தப்பா மகன் நான்கு நாற்பதுக்கு வந்தார். நான் வரிசையாகச் சொன்னேன்: வாந்தி இரண்டு தடவை, முதலாவது நான்கேகால், தலைவலி நெற்றியில், தண்ணீர் மூன்று மிடறு, இஞ்சி மரப்பா ஒன்று, இடது கையுறை ஈரம், ஊறுகாய் கேட்டால் கொடுக்கக்கூடாது. அவர் தலையாட்டினார். அது போதவில்லை. என்ன சொன்னேன் என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். இடது கையுறையை விட்டுவிட்டார், ஞாபகப்படுத்தினேன். அதற்கப்புறமும் நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பேனாவைத் தேடியதைப் பார்த்து, அவர் பத்மாவின் தோளில் கை வைத்தபடி என்னைக் கேட்டார்.

"கக், நான் ஆளைக் கூட்டிட்டுப் போறேனா, மிஷினை எடுத்துட்டுப் போறேனா?"

ஐந்து மணி ஆறு நிமிடம்

அதற்குப் பிறகு நான் ஏறியதுதான் ஏற்றம். கல் ஈரம், கயிறு ஈரம், காற்று காதுக்குள் புகுந்து மறுகாது வழியாக வந்தது. ஜூலியஸ் முன்னால் விளக்கைக் காட்டிக்கொண்டே போனார். இந்தத் தடவை பெலான் பெலான் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாளில் நான் வாயை மூடியிருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

குடிலின் கதவருகே ஒருவர் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். என் கழுத்து அட்டையைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஆறு நிமிடம். மன்னிக்கணும் கக், இனி விட முடியாது என்றார். கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறதோ என்றேன். தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கைப்பேசியையும் எடுத்துக் காட்டினார். தோழிக்கு உடம்பு சரியில்லாமல் நின்றேன் என்றேன். ரேடியோவில் கேட்டேன், நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். ஆனால் எழுந்து வழிவிடவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெறும் ஆறு நிமிடம், ஐம்பத்திரண்டு வயசு, இனிமேல் எப்போது வரப்போகிறேன், எனக்கு அந்தக் கலர் சான்றிதழ் வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஜூலியஸ் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்த மனிதர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுடுதண்ணீர் கொடுத்தார். ஊர் எது என்று கேட்டார், பினாங்கு என்றேன். என்ன வேலை என்று கேட்டார். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை, அளவுக்கு மேலே தலைமயிர் அகலம் போனாலும் எடுத்து ஒதுக்கிவிடுவேன் என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் பட்டியலில் என் பெயருக்கு நேரே பேனாவை வைத்தார்.

"அப்ப உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, கக்."

கறுப்பு வெள்ளை

குமார் உச்சியைத் தொட்டுவிட்டான். ரோஜாப் பூ மழைக்கோட்டோடு அங்கே நின்று எடுத்துக்கொண்ட படத்தைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினான். பத்மா விடுதிக்கு இறங்கியதுமே சரியாகி, நான் திரும்பி வந்தபோது இரண்டாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு, "என்னாலதானே அக்கா" என்று விசும்பினாள். அவளைச் சமாதானப்படுத்துவதிலேயே அன்று காலை போய்விட்டது. எனக்கு மறுபடி அழ முறையே வரவில்லை. அடிவாரத்தில் அவளுக்கும் எனக்கும் கறுப்பு வெள்ளை, குமாருக்குக் கலர். கலரில் மலை நீலமாக இருந்தது, வானம் ஆரஞ்சாக இருந்தது. எங்களுடையதில் மலை, மழை பெய்யப் போகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஊறுகாய் சிந்தியிருக்குமோ என்ற கவலையில் திறந்தபோது, சான்றிதழ் இருந்த உறையை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, ஆறு நிமிடக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இது ஃபோட்டோஸ்டாட் எடுத்த மாதிரி இருக்கு, பிள்ளைங்ககிட்ட காட்ட வேணாம் என்றும் சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. தாளில் விரலை வைத்து, என் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாகப் படித்தார். கல்யாணப் பதிவு அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் அப்படி முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் குமாரைக் கைப்பேசியில் கூப்பிடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். கூப்பிடு என்றார். கூப்பிட்டுக் கொடுத்தேன். "தம்பி, உன் கலர் சான்றிதழ்ல பேரு என்ன கலர்ல போட்டிருக்கான்?" என்று கேட்டார். குமார் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். நன்றி சொல்லிக் கைப்பேசியை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவனுக்கும் பேரு கறுப்புலதான் போட்டிருக்கான். மலைதான் கலரு. நீ என்ன மலையாவா வாங்கப் போன?"

ஆக, சகோதரிகளே, வழிகாட்டியோடு மலையேறுவது என்பது, வீட்டில் உட்கார்ந்து சும்மாவே பட்டிருக்கக்கூடிய கவலைகளை எல்லாம் ஒரு கிலோ சீனியோடு மேகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போய், அங்கே குளிரில் நின்று பட்டுவிட்டு, பெயர் போட்ட ஒரு தாளோடு இறங்கி வருவது.